எமனுக்கு வந்த எரிச்சலும் நமது வயோதிகர்களும்

கும்பகோணத்திற்கு மேற்கே இரண்டு மூன்று மைல் தூரத்திலுள்ள தாராசுரம் கோவிலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். இரண்டாம் இராஜராஜ சோழன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோவில் அது. 2004-ஆம் வருஷத்தில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. கல்வேலை நல்ல வேலைதான். அதைச் செதுக்கிய தொழிலாளியின் கைக்கு நாமும் மரியாதை செய்கின்றோம். ஆனால் நாம் இப்போது எழுத வந்தது கல்லைப் பற்றியல்ல, அங்குள்ள குளத்தைப் பற்றி.

அந்தக் குளத்திற்கு எமதீர்த்தம் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்றால், எமதர்மராஜனுக்கு ஒரு ரிஷியின் சாபத்தால் உடம்பெல்லாம் எரிச்சல் கண்டதாம். அந்த எரிச்சல் தாங்க முடியாமல் அவன் தாராசுரத்திற்கு வந்து, அந்தக் குளத்தில் முழுகி, சாமியைக் கும்பிட்டுக் குணமடைந்தானாம். இதைத் தலபுராணமாகச் சொல்லிக் கொண்டு இன்றைக்கும் அந்தக் குளத்தைக் காட்டுகிறார்கள். சரி, இருக்கட்டும். அங்கிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால் திருக்கடையூர். அங்கே மார்க்கண்டனைப் பிடிக்க வந்த அதே எமனைச் சாமி காலால் எட்டி உதைத்ததாகக் கதை. ஆகவே நமது பக்கத்தில் எமன் என்பவன் ஓரிடத்தில் தோல் வியாதிக்காரனாகவும், இன்னோரிடத்தில் உதை வாங்கினவனாகவும் இருக்கின்றான். இப்படித் தன் உடம்பையே காப்பாற்றிக் கொள்ளத் தெரியாதவனுக்குப் பயந்து கொண்டுதான் நம்முடைய அறுபது வயதுக்காரர்கள் திருக்கடையூருக்கு வண்டி கட்டுகிறார்கள்.

அறுபது முடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று பட்டியல் இருக்கின்றது. கலசம் எத்தனை என்பதைப் பொறுத்துச் செலவு ஏறும். சாப்பாடு, வேஷ்டி புடவை, வண்டிச் சத்தம், போட்டோ எல்லாம் தனி. இதற்காக நகையை அடகு வைத்த பிள்ளைகளை நாம் அறிவோம். தகப்பனாரிடம் பிள்ளைகளுக்கு இருக்கும் பிரியத்தை நாம் குறை சொல்லவில்லை. ஊரும் உறவும் ஒரு நாள் கூடி விருந்து சாப்பிடுவதிலும் குற்றமில்லை. நாம் கேட்பதெல்லாம், ஆயுள் விருத்திக்கு என்று சொல்லி இவ்வளவு பணத்தை வாங்கிக் கொள்ளுகிறவர்களில் யாராவது ஒருவர் அந்தக் கிழவரின் கையில் பட்டையைக் கட்டி ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று பார்த்தது உண்டா என்பதுதான்.

நாம் நேரில் கண்டதையே சொல்லுகின்றோம். தாராசுரத்தில் பட்டு நெய்யும் குடும்பம் ஒன்று. பெரியவர் நாற்பது வருஷத்திற்கு மேலாகக் குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்தவர். சுகாதாரத் தன்னார்வலர் பெண் ஒருத்தி வீட்டிற்கு வந்து, பார்த்து, கொதிப்பு அதிகம் இருக்கின்றது என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி, பிறகு மாதந் தவறாமல் மாத்திரையும் கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். பெரியவர் மூன்று மாதம் சாப்பிட்டார். அப்புறம், “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று நிறுத்திவிட்டார். மாத்திரைப் பொட்டலங்கள் சுவரில் ஆணியில் மாட்டிய பையில் சேர்ந்து கொண்டே இருந்தன. தை மாதத்தில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலம் வாய் ஒருபக்கம் கோணி, வலது கை துவண்டு விழுந்தது. “பாரிச வாயு” என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், ஒரு தாயத்தும் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது மறுநாள் ஆகிவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் வேப்பிலைக்குப் போய்விட்டது. இன்று அவர் உயிரோடிருக்கின்றார். தறி சும்மா கிடக்கின்றது.

இதை அந்தத் தெருவில் என்னவென்று சொல்லுகிறார்கள்? “வயசாச்சு, என்ன செய்வது?” என்கிறார்கள். தோழர்களே! இந்த “வயசாச்சு” என்கிற ஒரு வார்த்தை நமது நாட்டில் செய்திருக்கும் கொலைக்கு அளவே இல்லை. கண் தெரியவில்லையா? வயசாச்சு. இரவில் ஏழு தடவை எழுந்து ஒன்றுக்குப் போகின்றாரா? வயசாச்சு. படியிறங்கினால் மூச்சு வாங்குகின்றதா? அதற்கும் வயசாச்சு. தலைவிதி என்று சொன்னால் இந்தக் காலத்தில் சிலபேராவது சிரிப்பார்கள் என்று பயந்து, அதே தலைவிதிக்கு வைத்த மறுபெயர்தான் இது என்பது நமது அபிப்பிராயம்.

வயது என்பது என்ன விதியா? 1951-ஆம் வருஷ வாக்கில் இந்தியாவில் பிறக்கும் ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம் என்று கணக்கு. இப்போது அது சுமார் 70. அந்தப் பழைய 32-இல் சிறு பிள்ளையிலேயே செத்தவர்களின் பாரம் அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் கேட்கின்றோம், 32 இருந்த காலத்தில் திருக்கடையூர் இல்லையா? எமதீர்த்தத்தில் தண்ணீர் இல்லையா? யாகமும் ஹோமமும் இன்றைக்கு விட அன்றைக்குத்தானே அதிகம்? அவைகளெல்லாம் குறைவில்லாமல் இருந்த நாளில் ஏறாத ஆயுள், அம்மை குத்தவும், குளோரின் போட்ட தண்ணீர் குடிக்கவும், ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கவும் ஆரம்பித்த பிறகு ஏறியிருக்கின்றது. பெரியம்மை என்னும் வியாதி 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதற்காக எந்த மாரியாத்தாளும் இடம் மாறிப் போனதாகத் தெரியவில்லை.

இப்படி உயிர் பிழைத்தவர்கள்தான் இன்றைய வயோதிகர்கள். 2011-ஆம் வருஷ ஜனக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டினவர்கள். இப்போது இன்னும் அதிகம். குழந்தையைக் காப்பாற்றிய அறிவைக் கிழவர் விஷயத்தில் மட்டும் பரணில் தூக்கி வைத்துவிட்டோம்.

நிற்க, நமது தஞ்சை ஜில்லா விவசாயிக்கு வருமுன் காப்பது என்பது புதிய சங்கதியல்ல. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்கள் என்றால் அதற்கு முன்னாலேயே வாய்க்காலைத் தூர் வாரவில்லை என்று சர்க்காரைத் திட்டுகிறவன் அவன். குடிமராமத்து என்ற வார்த்தையே நம்முடையது. கரையில் எலி வளை இருந்தால், தண்ணீர் வரும்வரையில் கரை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். வெள்ளம் வந்த இரவில் உடைப்பெடுக்கும். ரத்தக் கொதிப்பும் சரியாக அந்த எலி வளைதான். வலிக்காது, அரிக்காது, தலை சுற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உள்ளே குழாய்ச் சுவர் கெட்டிப்பட்டுக் கொண்டே போகும். “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்பது கரையின் மேல் நின்று கொண்டு பேசுகிற பேச்சு. அளந்து பார்த்தாலொழிய தெரியாது. தன் வாய்க்காலுக்குச் செய்யத் தெரிந்த மராமத்தைத் தன் உடம்புக்குச் செய்யத் தெரியாமல் போனது ஏன் என்று நமது விவசாயத் தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

“அறுபதுக்குச் சரி, எண்பது வயதுக் கிழவிக்கு இனிமேல் மாத்திரை எதற்கு?” என்று சிலர் கேட்கக் கூடும். டாக்டர்களே ஒரு காலத்தில் இப்படிச் சந்தேகப்பட்டார்கள். அதனால்தான் ஒரு பரீட்சை நடத்தினார்கள். அய்ரோப்பாவிலும் சீனாவிலும் இன்னும் சில தேசங்களிலும் 80 வயதும் அதற்கு மேலும் ஆன, ரத்தக் கொதிப்புள்ள 3,845 பேரைச் சேர்த்து, பாதிப்பேருக்குக் கொதிப்பைக் குறைக்கும் மருந்தும் பாதிப்பேருக்கு ஒன்றுமில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. மருந்து சாப்பிட்டவர்களில் சாவு நூற்றுக்கு 21 பங்கு குறைந்தது. இருதயம் களைத்துப் போவது நூற்றுக்கு 64 பங்கு குறைந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை கொடுப்பது நியாயமல்ல என்று பரீட்சையை முன்னதாகவே நிறுத்தி, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இதற்குப் பெயர் பரீட்சை. திருக்கடையூரில் கலசாபிஷேகம் செய்து கொண்டவர்களையும் செய்து கொள்ளாதவர்களையும் இப்படி எண்ணிப் பார்க்க எந்தச் சாஸ்திரியாவது சம்மதிப்பாரா? சம்மதித்தால் எண்ணுகிற செலவுக்கு நாமே வசூல் செய்து தருகின்றோம்.

மாத்திரை மட்டுமல்ல, உப்பு இருக்கின்றது. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்கு உள்ளாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. நம் வீட்டில் காலையில் பழையதற்கு ஊறுகாய், மத்தியானம் வற்றல் குழம்பும் அப்பளமும், சாயங்காலம் கருவாடு என்றால் அந்தத் தேக்கரண்டி காலைப் பொழுதிலேயே காலியாகிவிடும். சீனாவில் 600 கிராமங்களில், சராசரி 65 வயதுள்ள சுமார் 21,000 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாதி கிராமங்களில் சாதாரண உப்பில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பதில் பொட்டாசியம் உப்பைக் கலந்து கொடுத்தார்கள். வேறொன்றும் செய்யவில்லை. அந்தக் கிராமங்களில் பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. இது 2021-இல் வெளிவந்த முடிவு. (மூத்திரக்காய் கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் ஆகாது. டாக்டரைக் கேட்காமல் யாரும் இதை வாங்கிப் போட வேண்டாம். உள்ள உப்பைக் குறைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.) 1930-இல் இராஜகோபாலாச்சாரியார் கூட்டம் உப்புக் காய்ச்ச வேதாரண்யத்திற்கு இதே தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகத்தான் நடந்து போயிற்று. உப்பைக் குறைக்கச் சொல்லி யாராவது அதே வழியில் திரும்பி நடந்து வந்தால் தேவலை என்று தோன்றுகின்றது.

இனி நம் மனத்தை மிகவும் உறுத்துகின்ற விஷயத்திற்கு வருகின்றோம். அறுபதாம் கல்யாணம் யாருக்கு? புருஷனும் பெண்சாதியும் இருவரும் உயிரோடிருந்தால்தான். பெண்சாதி தாலி கட்டிக் கொள்ள உட்கார வேண்டுமே! ஆனால் நமது வீடுகளில் அதிக நாள் உயிரோடிருப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். வயதில் குறைந்தவளைக் கட்டுகிற வழக்கத்தாலும், பெண்ணுக்கு ஆயுள் சற்று அதிகமாயிருப்பதாலும் எழுபது எண்பது வயதில் தனியாக மிஞ்சுகிறவள் கிழவிதான். அவளோ விதவை. ஆயுள் விருத்திக்கு என்று சொல்லுகிற இந்தச் சடங்கில், உண்மையாகவே ஆயுளோடிருக்கின்ற அவளுக்கு இடமில்லை. இடமில்லாதது மட்டுமா? தம்பியின் அறுபதாம் கல்யாணத்தில் கலசம் எடுக்கும்போது எதிரில் வரக்கூடாது என்று தூணோரத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். சாஸ்திரம் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சாஸ்திரம்தான் சேர்க்கவில்லை, வீடாவது சேர்க்கின்றதா? மேலே சொன்ன அதே நெசவுக்காரர் வீட்டில் அவருடைய மூத்த அக்காள் ஒருத்தி இருக்கின்றாள். முப்பது வயதில் புருஷன் இறந்து, பிறந்த வீட்டிற்கே வந்து, எழுபத்து நாலு வயது வரையில் பட்டுநூல் இழைத்துக் கொடுத்துக் கொண்டிருப்பவள். நாம் போயிருந்த அன்று, “பாட்டி, உங்களுக்குக் கொதிப்பு பார்த்தார்களா?” என்று கேட்டோம். “எனக்கெதுக்குத் தம்பி? அவனுக்குத்தான் பார்த்தாங்க. அந்தப் பொண்ணு கையை நீட்டச் சொல்லிச்சு, நான்தான் நேரமாச்சுன்னு உள்ளே போயிட்டேன்” என்றாள். ஒரு கண்ணில் புரை வெள்ளையாகத் தெரிகின்றது. நூல் அறுந்தால் விரலால் தடவித்தான் முடிபோடுகிறாள். வீட்டார் கெட்டவர்கள் அல்ல. ஒருவருக்கும் அது தோன்றவேயில்லை, அவ்வளவுதான். எல்லோரும் சாப்பிட்ட பின் அடிச்சட்டியில் இருப்பதைச் சாப்பிடுகின்ற பழக்கம் அவளுக்கு வைத்தியத்திலும் வந்துவிட்டது.

கண்புரை என்பது இன்றைக்குக் கால் மணி நேரத்துக் காரியம். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, ஏழைகளிடம் காசு வாங்காமலே லட்சக்கணக்கான கண்களுக்குப் பார்வை கொடுத்திருக்கின்றது. ஊர் ஊராக முகாம் போட்டு அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுகிறார்கள். பார்வை வந்தால் நூல் தெரியும் என்பது ஒரு லாபம். வாசற்படி தெரியும் என்பது அதைவிடப் பெரிய லாபம். வயோதிகர்கள் விழுவதால் சாவது உலகம் முழுவதிலும் அதிகம். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த கிழவி திரும்ப எழுந்து நடமாடுவது கஷ்டம். கொல்லைப்புறத்தில் பாசி பிடித்த கல்லைத் தேய்ப்பதற்கும், கக்கூசில் பிடித்து எழுந்திருக்க ஒரு இரும்புக் கம்பி அடிப்பதற்கும், ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு எரிவதற்கும் என்ன செலவாகும்? கலசத்து நூலுக்கு ஆகிற செலவு கூட ஆகாது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1978-லேயே வயோதிகர்களுக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள். இந்திய சர்க்கார் 2010-இல் முதியோர் சுகாதாரத்திற்கென்று ஒரு தேசியத் திட்டம் போட்டது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்பதைத் தமிழ்நாட்டு சர்க்கார் ஆரம்பித்தது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை இரண்டுக்கும் வீட்டிற்கே வந்து பார்ப்பது, மாத்திரையை வீட்டிலேயே கொடுப்பது, படுத்த படுக்கையாயிருப்பவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பது ஆகியவை இதில் அடக்கம். 2024-இல் அய்க்கிய நாடுகளின் விருதும் இதற்குக் கிடைத்தது. அதே 2024-இல் சென்னை கிண்டியில் வயோதிகர்களுக்கென்றே தனி ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது.

இவைகளை மெச்சுகின்ற நாமே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மாத்திரை கொடுத்ததற்குக் கணக்கு இருக்கின்றது. அந்த மாத்திரை வயிற்றுக்குள் போயிற்றா, ஆணியில் தொங்கிற்றா என்பதற்குக் கணக்கு எங்கே? பையில் மூன்று மாதத்துப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தால், நாலாவது மாதத்துப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வருவது தபால்காரர் வேலை. உட்கார்ந்து, “ஏன் அய்யா நிறுத்தினீர்கள்?” என்று கேட்டு, எலி வளைக் கதையைச் சொல்லிப் புரிய வைப்பதுதான் வைத்தியம். அதற்கு அந்தப் பெண்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும், கூலியும் கொடுக்க வேண்டும். அன்றியும், கிழவர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கப் பழகுவது, ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவது, தினம் அரைமணி நடப்பது முதலியவைகளை யார் சொல்லிக் கொடுப்பது? வாரத்தில் 150 நிமிஷ நடையும், விழாமலிருக்க வாரம் மூன்று நாள் நிலை தடுமாறாத பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே வயோதிகர்களுக்குச் சொல்லுகின்றது. நம் ஊரில் கிழவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே நடை பிரகாரம் சுற்றுவது. அந்த நடையை எந்தத் தெருவிலும் நடக்கலாம், தட்டில் காசு போட வேண்டியதுமில்லை.

நம்முடைய இயக்கத் தோழர்களையும் நாம் விடப் போவதில்லை. அறுபதாம் கல்யாணத்தைக் கண்டித்து இரண்டு மணி நேரம் மேடையில் பேசிவிட்டு, இறங்கியதும் மடியிலிருந்து புகையிலையை எடுத்து அடக்குகிற தோழர்கள் நம்மில் உண்டு. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் பெருமைப்படுகின்றோம், படட்டும். ஆனால் அதற்குள் மடிக்கின்ற பாக்கும் புகையிலையும் வாயில் புற்றுநோயை உண்டாக்குபவை என்பது சந்தேகமற நிரூபிக்கப்பட்ட விஷயம். ராகுகாலம் பார்க்காதவன் சர்க்கரையும் பார்க்காமலிருப்பதற்குப் பெயர் பகுத்தறிவு அல்ல. தாயத்துக் கட்டிக் கொண்டு செத்தவனும் மார் தட்டிக் கொண்டு செத்தவனும் போகின்ற சுடுகாடு ஒன்றுதான்.

இதை எழுதிக் கொண்டிருக்கும்போது நமது மேசையின் மேல் ஒரு அழைப்பு இருக்கின்றது. வலங்கைமான் பக்கத்திலுள்ள ஒரு பழைய சிநேகிதருக்கு வருகின்ற மாதம் அறுபது முடிகின்றதாம். திருக்கடையூரில் முகூர்த்தம், குடும்ப சகிதம் வர வேண்டும் என்று மஞ்சள் தடவி அனுப்பியிருக்கின்றார். அவர் வீட்டிலும் ஒரு விதவைத் தமக்கை இருக்கின்றாள். அவருக்குப் பதில் எழுதியிருக்கின்றோம். அதில், விருந்துக்கு வருகின்றோம், ஆனால் தங்களுக்கும், தங்கள் மனைவிக்கும், தங்கள் தமக்கையாருக்கும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்த சீட்டு மூன்றை முன்னதாக எங்களுக்குக் காட்ட வேண்டும், தமக்கையார் சீட்டு இல்லாமல் மற்ற இரண்டு சீட்டு மட்டும் வந்தால் நாங்கள் வருவதற்கில்லை என்று கண்டிருக்கின்றோம். பதில் இன்னும் வரவில்லை.